கொடி ஒன்று, பெண்கள் இருவர்: படைவீரர் நல அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் உதவி இயக்குநர்களுக்கும், படைவீரரின் பணிக்கோப்பை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் பொறுப்பதிகாரிகளுக்கும், புதுடெல்லியில் உள்ள முன்னாள் படைவீரர் நலத் துறைக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் விழாவுக்கு நீங்கள் அழைக்கும் பெண்களைப் பற்றியது இந்த மடல். முன்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள், பொன்னாடை போர்த்துகிறீர்கள், சாப்பாடு போட்டு அனுப்புகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களில் ஒருவர் மடியில் வைத்திருக்கும் மஞ்சள் பையை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். கணவரின் டிஸ்சார்ஜ் புக் இருக்கும், மகனுடைய பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை இருக்கும், அக்கம்பக்கத்து ஊர் விதவைகள் நாலைந்து பேருடைய ஆதார் நகலும் இருக்கும்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். அதைப்போல தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் இந்த அம்மாவை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஹவில்தாருக்கு வாழ்க்கைப்பட்டு, லீவுக்கு லீவு குடும்பம் நடத்தி, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அதே பட்டாளத்துக்கு மகனையும் அனுப்பிப் பெட்டியில் வாங்கியவர். அடுத்த தெருவில் அதே செய்தி வந்தால் முதலில் அந்த வாசலை மிதிப்பவரும் அவர்தான். உங்கள் அலுவலகத்தின் பாதி வேலை சம்பளமில்லாமல் இவர் தலையில்தான் நடக்கிறது.

இவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுகிறவர்கள் நாங்கள். கேட்க வந்தது அடிப்படையில் ஒன்றுதான்: கோப்பில் இருக்கும் பிழையைப் படைவீரர் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். சாவு வீட்டுக்கு வந்து திருத்தச் சொல்லாதீர்கள்.

பிழை எங்கே தொடங்குகிறது? பெயரில். ஊரில் வள்ளியம்மாள், ரெக்கார்டில் வள்ளிமல். இந்தியில் எழுதிப் பழகிய கிளார்க்கின் காதுக்கு ளகரமும் லகரமும் ஒன்றுதான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்தது இனிஷியல். தமிழ்நாட்டுப் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, பின்னால் கணவரின் எழுத்து. ஆதாரில் ஒன்று, பான் கார்டில் இன்னொன்று, பாஸ்புக்கில் எழுத்தே இல்லாமல் வெறும் பெயர். படைவீரர் பென்ஷனைப் பட்டுவாடா செய்யும் ‘ஸ்பர்ஷ்’ கணினிக்கு இவர்கள் மூன்று தனித்தனிப் பெண்கள்.

பணியில் இருக்கும் வீரர் இதைத் திருத்த, ஆதார் நகலும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் யூனிட் ஆபீஸில் கொடுத்தால் பார்ட் டூ ஆர்டர், அதாவது பணிப்பதிவேட்டில் மாற்றத்தை ஏற்றும் ஆணை, வெளியாகிவிடும். அவர் இறந்த பிறகு அதே திருத்தத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன்னிலையில் பத்திரம் வேண்டும், நல அலுவலகத்தின் மேலொப்பம் வேண்டும், பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தபால். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பஸ் ஏறிப் போயாவது கேட்டுவிடலாம். தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மருத்துவப் படைக்கு லக்னோ, இயந்திரப் பராமரிப்புப் படையான இ.எம்.இ.க்கு செகந்திராபாத். கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்கூர்ட், விமானப்படை என்றால் டெல்லி. ஒரு எழுத்துக்காக அங்கிருந்து ஆட்சேபணைக் கடிதம் ஆங்கிலத்தில் வரும். அதைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, பதில் எழுதி, மறுபடியும் தபாலில் சேர்ப்பதற்குள் வருஷத் திதி வந்துவிடுகிறது.

ஆகவே பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் வீரர்கள் லீவில் ஊருக்கு வரும் வாரங்களில், ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு நாள் முகாம் போடுங்கள். பாட்டுக் கச்சேரி வேண்டாம். மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா, கல்யாணமும் குழந்தைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கின்றனவா, தாய் தந்தை பெயர் சரியா, வங்கிக் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக, ஒருவர் இறந்தாலும் மற்றவர் இயக்கக்கூடிய ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிஷம் பிடிக்கும்.

இதோடு நாமினேஷனையும் பார்க்க வேண்டும். வம்பெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த அன்று பையன் இன்ஷூரன்ஸுக்கும் பி.எஃப்.புக்கும் அம்மா பெயரை எழுதுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றுவதில்லை, மனைவிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அல்லது நூறு சதவீதமும் மனைவி பெயருக்கு மாற்றுகிறான், அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ராணுவக் குழுக் காப்பீட்டில் இவ்வளவு சதவீதம் இவருக்கு என்று பிரித்தெழுத இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பதையே பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

குடும்ப ஓய்வூதியத்தை அப்படி நாமினேஷனால் பிரிக்க முடியாது. மணமானவர் இறந்தால் அது மனைவிக்குப் போகும். இங்கேதான் மாமியாரும் மருமகளும் எதிரிகளாக்கப்படுகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி இறந்தவரின் சொத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைக்கும் என்ன பங்கோ அதே பங்கு தாய்க்கும் உண்டு, தந்தைக்குத்தான் அந்த வகுப்பில் இடமில்லை. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழிலும் தாயின் பெயர் இருக்கிறது. ‘சர்டிபிகேட்ல என் பேரு இருக்கே, பென்ஷன்ல மட்டும் ஏன் இல்ல?’ என்று அந்த அம்மா கேட்பது நியாயமான கேள்வி. சொத்து ஒரு சட்டம், ஓய்வூதியம் வேறு விதி என்று யாராவது முதல் வாரத்திலேயே உட்கார்ந்து சொல்லியிருந்தால், மருமகள் ஏமாற்றிவிட்டாள் என்ற பேச்சு ஊரில் கிளம்பியிருக்காது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கே வேறு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்கு ஒன்றுமில்லை. இவ்வளவையும் ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதற்கு உங்களுக்கு எந்த மேலிட உத்தரவும் தேவையில்லை.

மகன் மணமாகாதவராக இருந்து, போர்ச் சூழலில் இறந்திருந்தால், பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமலே ஓய்வூதியம் உண்டு. மனைவி இருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் தாய் தந்தை இருவருக்குமாக 75 சதவீதம், ஒருவர் மட்டும் என்றால் 60 சதவீதம். இருவரில் ஒருவர் காலமானதை உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அதிகமாகப் போன பணத்தை மிச்சமிருக்கும் ஒருவரிடமிருந்து பிடிப்பார்கள். எழுபது வயது அம்மாவுக்குப் பிடித்தக் கடிதம்தான் முதல் தகவலாக வந்து சேர்கிறது.

சாவின் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு எல்லாமே ‘பட்டாளத்தில் செத்தான்’தான். விதிக்கு மூன்று. பணியோடு தொடர்பில்லாத சாவு என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்ற சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், முதல் பத்து ஆண்டுகள் மட்டும் 50 சதவீதம். பணியால் நேர்ந்த சாவு என்றால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், 60 சதவீதம். எதிரியோடு மோதலில் இறந்தால் லிபரலைஸ்டு, அதாவது கடைசியாக வாங்கிய சம்பளம் முழுதும். மத்திய அரசின் கருணைத் தொகையும் 2016 முதல் இப்படியே, பணியின்போது விபத்து என்றால் 25 லட்சம், எல்லை மோதல் என்றால் 35 லட்சம், போர் என்றால் 45 லட்சம். எந்த வகை என்று முடிவு செய்வதற்குப் பெரிதும் அடிப்படையாக இருப்பது கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணை. குடும்பம் அதன் நகலை எழுதிக் கேட்க வேண்டும்; கேட்கலாம் என்பதே பல வீடுகளில் தெரியாது.

ஸ்பெஷல் பென்ஷன் மறுக்கப்பட்டால் வரும் கடிதத்தில், இறப்பு பணியால் நேர்ந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்கும். அதற்குக் கீழே, ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருக்கும். முதல் வாக்கியத்தை யாரோ படித்துச் சொல்ல வீடே அழும். இரண்டாவதை யாரும் படிப்பதில்லை. கடிதம் பீரோவுக்குள் போய்விடும். ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித்தான் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருக்கிறது. மறுப்புக் கடிதத்தின் நகல் உங்கள் அலுவலகத்துக்கும் வரட்டும். வந்த மாதமே அந்த வீட்டுக்கு ஒருவர் போகட்டும்.

முதல் பதினாறு நாளில் நடக்கும் தவறுகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இறப்புச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ.விடம் ஓடுவார்கள். உடல் ஊருக்கு வந்து எரித்தாலும் புதைத்தாலும், 1969-ம் ஆண்டுச் சட்டப்படி இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், அதுவும் 21 நாளுக்குள். லடாக்கில் இறந்தவருக்கு லடாக்கிலிருந்துதான் சான்றிதழ் வர வேண்டும். உடலோடு வரும் யூனிட் ஆளிடமே பதிவு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்வது இந்தத் தொண்டர் அம்மாக்கள் தாங்களாகவே கற்றுக்கொண்ட பாடம். சான்றிதழில் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தால் இருபது நகல் எடுத்து மேலொப்பம் வாங்கி வைப்பார்கள். அசலை யாரிடமும் கொடுக்க மாட்டார்கள், எங்களிடமும்தான்.

பிறகு ஏ.டி.எம். கார்டு. காரியச் செலவுக்கு என்று மைத்துனரோ தம்பியோ இறந்தவரின் கார்டில் பணம் எடுத்துவிடுவார். இறந்த தேதிக்குப் பின் எடுத்தது பின்னாளில் மனைவியின் கணக்கில் இடிக்கும். டிபென்ஸ் சேலரி பேக்கேஜ் என்ற பெயரில் திறந்த சம்பளக் கணக்கோடு விபத்துக் காப்பீடு சேர்ந்து வருகிறது என்பது மனைவிக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. அதைக் கேட்கக் காலக்கெடு உண்டு, வங்கிக்கு வங்கி மாறும். பதினாறு நாள் துக்கத்தில் எந்தப் படிவத்தையும் நீட்டக்கூடாது என்பதை நாங்கள் கறாராக வைத்திருக்கிறோம். இறப்புப் பதிவும் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும் மட்டும் விதிவிலக்கு.

மறுமணத்தைப் பற்றி ஒரு வரி. மறுமணம் செய்தால் எல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தியே இருபத்தைந்து வயதுப் பெண்களை உட்கார வைத்திருக்கிறார்கள். வீரப் பதக்கத்துக்கான மாதத் தொகை, கணவரின் சகோதரரை மணந்தால்தான் தொடரும் என்ற பழைய நிபந்தனையை 2017 நவம்பரில் அரசே எடுத்துவிட்டது. வடக்கே கொழுந்தனைக் கட்டிவைக்கும் வழக்கத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. எடுத்த செய்தி இன்னும் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது?

இனி, இந்த மடலை இப்போது எழுத வைத்த விஷயம். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பையன் பதினேழரை வயதிலேயே சேரலாம். மணமாகாதவனாக இருக்க வேண்டும். நான்கு ஆண்டு வேலை, ஓய்வூதியம் இல்லை. பணியால் இறந்தால் 48 லட்சம் இன்ஷூரன்ஸ், 44 லட்சம் கருணைத் தொகை, மிச்சமிருந்த காலத்துச் சம்பளமும், பணி முடிவில் கிடைக்க வேண்டிய சேவா நிதியும். திட்டம் சரியா தவறா என்று வாதாட இது இடமில்லை. ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இதுவரை உங்கள் ஏற்பாடுகள் எல்லாம் விதவையை மையமாக வைத்தவை. 1966-ல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் என்று உருவானதானாலும் சரி, 1971 போருக்குப் பிறகு 1972-ல் மோகினி கிரி தொடங்கிய போர் விதவையர் சங்கமானாலும் சரி, தொடங்கும்போது வைத்த பெயரிலேயே மனைவிதான் இருந்தார். அக்னிவீரனுக்கு மனைவி இல்லை. அவன் இறந்தால் கதவைத் திறப்பது நாற்பது நாற்பத்தைந்து வயதுத் தாய். மாதா மாதம் வரும் பென்ஷன் இல்லை, ஒரே தடவையில் வரும் பெரிய தொகை மட்டும். அந்தத் தொகை வந்த வாரமே சீட்டுக் கம்பெனியும் நிலத் தரகரும் உறவுக்காரக் கடனாளியும் வாசலில் நிற்பார்கள். ஓ.டி.பி. கேட்டு ‘ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பேசுறோம்’ என்று போன் வரும்.

இந்தத் தாய்க்கு முதலில் தேவை, அவர் பெயரில் மட்டும் இருக்கும் ஒரு வங்கிக் கணக்கு. அடுத்தது ஆறு மாதமாவது கைவைக்காமல் வங்கி டெபாசிட்டில் போட்டு வைக்கச் சொல்லும் ஒரு நம்பகமான குரல். நல அலுவலகத்திலிருந்து யாராவது அந்தக் குரலாக இருக்க வேண்டும். உங்களிடம் ஆள் இல்லை என்றால் அந்த மஞ்சள் பை அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் சொன்னால் கேட்பார்கள். விதவைக்கு என்று அச்சடித்த படிவங்களில் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு ‘மகன்’ என்று பேனாவால் எழுத வைப்பதையும் நிறுத்துங்கள்.

வயதான பிறகு வரும் தொல்லை வேறு மாதிரி. ஆயுள் சான்றிதழை ஜீவன் பிரமாண் என்ற இணைய வசதி வழியாகப் பதியும்போது, இ-சேவைப் பையன் பழக்கதோஷத்தில் பட்டுவாடா அலுவலகம் என்ற இடத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுவான். ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு அங்கே ‘ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத்’ என்று வர வேண்டும். பழைய பி.பி.ஓ. எண்ணைப் போடக்கூடாது, 12 இலக்க ஸ்பர்ஷ் எண்ணைப் போட வேண்டும். பென்ஷன் வகை ‘ஃபேமிலி’. மறுமணமா என்ற கேள்விக்கு ‘இல்லை’. இந்த நான்கில் ஒன்று பிசகினாலும், சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே பென்ஷன் நிற்கும். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த விரல் ரேகை மெஷினில் ஏறாது. முகத்தைக் காட்டிப் பதியும் செயலி இருக்கிறது, அஞ்சல்காரர் 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்தும் பதிவார். இரண்டையும் உங்கள் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

80 வயதானால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது, சிலவற்றில் பெயரும் இருக்காது. தேதி இல்லாதவருக்குக் கணினியைப் பொறுத்தவரை எண்பது வயது ஆவதே இல்லை. உங்கள் மாவட்டப் பதிவேட்டில் எழுபத்தைந்தைத் தாண்டிய விதவைகளைப் பட்டியல் எடுத்து, தேதி இல்லாதவர்களை மட்டும் கூப்பிட்டு ஆதாரோ பான் கார்டோ வாங்கி அனுப்ப ஒரு கிளார்க்குக்கு ஒரு மாதம் போதும்.

அந்தத் தொண்டர் அம்மாக்களுக்கு என்ன செய்யலாம்? பஸ் செலவு கொடுங்கள். உங்கள் முத்திரையோடு ஓர் அடையாளக் கடிதம் கொடுங்கள். வங்கியில் ‘நீங்க யாரும்மா?’ என்று கேட்கும்போது காட்ட அது உதவும். நல அமைப்பாளர் பணியிடம் காலியானால் ஓய்வுபெற்ற சுபேதாரை மட்டும் தேடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை இவர்களுக்கு ஸ்பர்ஷ் பயிற்சி கொடுங்கள், பிறருடைய ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் கேட்கவோ எழுதி வைக்கவோ கூடாது என்பதே அதில் முதல் பாடமாக இருக்கட்டும். சாவுச் செய்தி சொல்லப் போகும் ஜீப்பில் மட்டும் இவர்களை ஏற்றாதீர்கள். அது உங்கள் வேலை. தமிழ் பேசும் ஓர் அதிகாரி, டி.வி.க்காரர்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மகனைக் கொடுத்த அம்மா அங்கே மறுநாள் போவார், யாரும் கூப்பிடாமலே.

கடைசியாக ஒன்று. பெட்டி மேல் போர்த்தி வரும் கொடியை எரிக்கவோ புதைக்கவோ கூடாது, மடித்து நெருங்கிய உறவினரிடம் கொடுக்கிறீர்கள். மணமானவர் என்றால் மனைவியிடம். சில வாரம் கழித்து யூனிட்டிலிருந்து வரும் டிரங்குப் பெட்டியும் அதே முகவரிக்குத்தான் போகும். அவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் கொடியும் பெட்டியும் அவரோடு போகும், போகத்தான் வேண்டும். பெற்றவருக்கு ஒரு சட்டைகூட மிஞ்சாத வீடுகள் இருக்கின்றன. இன்னொரு கொடியை அதே மரியாதையோடு மடித்துத் தாயின் கையில் கொடுங்கள். டிரங்குப் பெட்டியில் உள்ள பொருட்களின் பட்டியலைத் தாய்க்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மருமகளின் சம்மதத்தோடு அதிலிருந்து ஒரு பொருளை அவர் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு வரி சேருங்கள். பெரும்பாலும் கைக்கடிகாரத்தைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
படைவீரர் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்கள்